தென்னங்கன்றைத் தோண்டும் நாய்கள்

கேள்வி: சோழவந்தான் பக்கம் வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் தோட்டம். அப்பா வைத்த மாமரங்களும் தென்னையும் நிற்கின்றன. ஐப்பசியில் புதிதாக 20 தென்னங்கன்று நட்டு, குழிக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத் தூளும் போட்டோம். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை, ஒரு நாட்டு நாய். இரண்டும் ராத்திரியில் குழியைத் தோண்டிக் கன்றைச் சாய்த்துவிடுகின்றன. மிளகாய்ப் பொடி தூவியும் கேட்கவில்லை. மாமரத்தடியிலும் பள்ளம் பறித்துப் படுக்கின்றன, மரம் பட்டுப்போகுமா? நேற்றிலிருந்து நாட்டு நாய் வாந்தி எடுக்கிறது, சாப்பிடவும் இல்லை.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. கன்று அப்புறம். இந்தப் பதில் கைக்கு வந்தவுடன் நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். "ஆமணக்குப் புண்ணாக்கைத் தின்றிருக்கலாம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்றொரு விஷம் இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது அது எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கை நீங்கள் எலும்புத் தூளோடு கலந்து புதைத்திருக்கிறீர்களே, அந்த வாசனைக்கு எந்த நாயும் தோண்டத்தான் செய்யும். நாயைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. தின்ற சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், வயிற்று வலி, சோர்வு என்று காட்டும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, உடம்பில் நீர் வற்றாமல் காப்பாற்றுவதுதான் வைத்தியம். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வீட்டில் உப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். சிப்பிப்பாறை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அதையும் காட்டிவிடுங்கள்.

சரி, இனி குழி. மேல்மண்ணோடு அந்தக் கலவையை அள்ளி, நாயும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். மாட்டுக்கும் அது ஆகாது. பதிலுக்குக் குழிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் மக்கிய தொழுவுரமும் போதும். கசப்புக்கு நாய் வாய் வைக்காது, கரையானும் அண்டாது. எலும்புத் தூள் தரும் மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் இருக்கிறது: முதல் வருஷக் கன்றுக்கு அரைக் கிலோ, இரண்டு தவணையாக. குழியைச் சுற்றி ஒரு வருஷத்துக்கு முள் அடைப்போ கம்பி வலையோ கட்டுங்கள். மிளகாய்ப் பொடியை விட்டுவிடுங்கள். மோப்பம் பிடிக்கும் மூக்கும் கண்ணும் எரிவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டைப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைப்பது தென்னந்தோப்பில் வழக்கம். நாங்களே சொல்லிக்கொடுத்த முறைதான். நாய் திரியும் தோட்டத்தில் அது வேண்டாம். வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று போதும். பக்கத்துத் தோப்புக்காரர்களோடு சேர்ந்து வையுங்கள். நீங்கள் மட்டும் வைத்தால் அவர்கள் தோப்பு வண்டும் உங்கள் இளங்கன்றைத் தேடி வரும். எருக்குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குவது எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டு பிறப்பதே அங்கேதான். அந்தப் புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சை பற்றி ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேளுங்கள்.

மாமரத்துக்குப் பயப்பட வேண்டாம். வெயிலுக்குக் குளிர்ந்த மண் தேடித்தான் நாய்கள் பறிக்கின்றன. வளர்ந்த மரம் அதற்கெல்லாம் பட்டுப்போகாது. வேர் வெளியே தெரிந்தால் மண் அணைத்துச் சருகு போட்டுவிடுங்கள். நிழலில் ஒரு மூலையில் ஆற்று மணல் கொட்டித் தண்ணீர் தெளித்து வைத்தால் அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாய் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.