லிபியா 2020: கார்கு-2 ட்ரோன் தானாகவே ஆளைக் கொன்றதா?

ஐ.நா. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. "மனிதக் கட்டளை இல்லாமலே ஒரு ட்ரோன் லிபியாவில் ஆளைக் கொன்றதாக ஐ.நா. உறுதிசெய்துவிட்டது" என்று விவாத மேடையில் எதிரணி அடித்துச் சொன்னால் எப்படி மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "இறந்தது எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அறிக்கையில் அதற்குப் பதில் கிடையாது.

குழப்பம் செய்தித் தலைப்புகளில் பிறந்திருக்க வேண்டும். லிபியா பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் அந்த அறிக்கை வந்தது 2021 மார்ச்சில். ஊடகங்கள் அதைத் தூக்கிப் பிடித்தது மே மாத இறுதியில். பின்வாங்கிய, கிழக்கு லிபியத் தளபதி ஹஃப்தாரின் படையினரைக் கார்கு-2 போன்ற கருவிகள் துரத்தித் தாக்கின, இயக்குபவரோடு தொடர்பு இல்லாமலே இலக்கைத் தாக்கும்படி அவை நிரல்படுத்தப்பட்டிருந்தன என்பதே அதன் சாரம். அந்தத் திறன் அன்று பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. தலைப்பு எழுதுபவர்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

சரிபார்க்க அறிக்கையின் 63-ஆம் பத்தியைப் படியுங்கள். அன்று கருவி தானாக இயங்கியதா, ஆள் இயக்கினாரா என்று பிரித்துச் சொல்லும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆனால் இதை வைத்து "நடக்கவே இல்லை" என்று பாய்ந்துவிடாதீர்கள். அதையும் அறிக்கை சொல்லவில்லை. "தானாக இயங்கும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்த விதிகள் இருக்கின்றனவே" என்று வாதாடுவதானால் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 உத்தரவு, 2023-இல் திருத்தப்பட்ட பிறகும், இத்தகைய ஆயுதங்களைத் தடைசெய்யவில்லை. 'உரிய அளவு' மனித முடிவு வேண்டும் என்கிறது. எவ்வளவு என்பதற்கு அதில் அளவுகோல் இல்லை. எதிரணி பிடித்துக்கொள்ளப்போவது அதைத்தான்.