பெர்பெத்துவாவின் அப்பா

அன்புள்ள அக்கா,

எங்கள் பங்குக் கோயிலில் மகளிர் தினத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'ஆதித் திருச்சபைப் பெண்களின் வீரமும் பக்தியும்' என்பது தலைப்பு. சிலுவையடியில் நின்ற மகதலா மரியாவில் ஆரம்பித்து, கார்த்தேஜில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து மறைசாட்சிகளாக இறந்த பெர்பெத்துவா, பெலிசித்தா வரை சொல்லலாம் என்று இருக்கிறேன். இவர்களுக்குத் துணிச்சல் இயல்பிலேயே இருந்ததா, விசுவாசம் கொடுத்ததா? பெண்களுக்கே உரிய பொறுமையால்தான் இது முடிந்தது என்று தோன்றுகிறது. பெற்ற குழந்தை, தகப்பன் என்ற பாசபந்தங்களை எல்லாம் உதறிவிட்டுச் சிரித்த முகத்தோடு சாவுக்குப் போனார்களே, அதுதானே பக்தியின் உச்சம்? காரைக்கால் அம்மையாரோடு ஒப்பிட்டுப் பேசலாமா?

ஓர் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

கொஞ்ச நாளாகவே பெர்பெத்துவாவின் அப்பா மனசில் கிடந்து உழன்றுகொண்டிருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம். பெர்பெத்துவா, பெலிசித்தா திருநாள் மார்ச் 7, மகளிர் தினம் மறுநாள். ஆகவே தலைப்பு நல்ல தலைப்புதான்.

காரைக்கால் அம்மையார் வேண்டாம். அரை மணி நேரப் பேச்சில் இரண்டு பேரையும் கெடுத்துவிடுவீர்கள்.

'பெண்களுக்கே உரிய பொறுமை'யை இன்றைக்கே அடித்துவிடுங்கள். அது நன்றியுரை சொல்ல வருகிற ஆண்கள் பேசுகிற பேச்சு. மகதலா மரியாவோடு நடந்தவர்களில் யோவன்னா என்றொரு பெண் உண்டு, ஏரோதின் மாளிகை மேற்பார்வையாளர் கூசாவின் மனைவி. திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டிய அதே ஏரோது. அந்த அரண்மனைச் சம்பளத்தில் நடக்கிற வீட்டிலிருந்து வந்து, தன் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவினாள் என்கிறார் லூக்கா. இதில் பொறுமை எங்கே இருக்கிறது? 177இல், இன்றைய பிரான்சில் இருக்கிற லியோனில், கிறிஸ்தவள் என்பதற்காகப் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணைச் சித்திரவதை செய்தவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மாற்றி மாற்றி அடித்து அவர்களே ஓய்ந்துபோனார்கள். இவள் உடம்பு தாங்காதே என்று அவளுடைய எஜமானிதான் பயந்துகொண்டிருந்தாள். பயமும் இருந்தது, டீச்சர். இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார்.

சரி, என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். பாசபந்தங்களை உதறிவிட்டார்களாம். யார் சொன்னது? பெர்பெத்துவா சொல்லவில்லை. அவள் சிறையில் தன் கையால் எழுதிய குறிப்பு இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. 203ஆம் வருஷம், இன்றைய துனிசியாவில் இருக்கிற கார்த்தேஜ் நகரம். நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், வயது 22 இருக்கும், கையில் பால்குடிக் குழந்தை. (புனிதையை 'அவள்' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மகள் வயசு.) கிறிஸ்தவள் என்பதற்காக ரோம ஆட்சியில் கைதானபோது அவள் இன்னும் திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை.

சிறைக்குள் தள்ளியதும் என்ன எழுதுகிறாள்? பயந்துபோனேன் என்கிறாள். அப்படி ஓர் இருட்டை அதுவரை பார்த்ததில்லையாம். நெரிசல், புழுக்கம், காவலர்களின் பணப்பிடுங்கல், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையைப் பற்றிய கவலை. தெர்சியு, பொம்போனியு என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் கைதிகளைக் கொஞ்சம் நல்ல இடத்துக்கு மாற்றவைத்தார்கள். அங்கே போனதும் அவள் செய்த வேலை, பசியில் துவண்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுத்தது. பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உடனே சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறாள். பந்தத்தை உதறியவள் எழுதுகிற வரியா இது?

அப்புறம் அந்த 'சிரித்த முகம்'. உண்மைதான். காட்டு விலங்குகளுக்கு இரையாகப் போடச் சொல்லித் தீர்ப்பானதும் மகிழ்ச்சியோடு சிறைக்குத் திரும்பினோம் என்று அவளே எழுதுகிறாள். மேடைப் பேச்சாளர்கள் எல்லாரும் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வரியைப் படியுங்கள். பிள்ளை பாலுக்குப் பழகியிருந்ததால் உடனே பொம்போனியுவை அப்பாவிடம் அனுப்பிக் குழந்தையைக் கேட்டாள். அப்பா தரமாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பிறகு குழந்தை பால் கேட்கவில்லை, இவளுக்கும் பால் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைக் கவலையிலும் மார்வலியிலும் நான் வதைபடாமல் இருக்கக் கடவுள் அப்படிச் செய்தார் என்கிறாள். சிங்கம் வாயை மூடிக்கொள்வது போன்ற ஒரு புதுமையையும், அற்புதத்தையும் அவள் கேட்கவில்லை. பால் கட்டாமல் இருந்ததே அவளுக்குப் புதுமை. பால் கட்டி ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த அப்பா. அவர் கிறிஸ்தவர் இல்லை. முதல் தடவை வந்தபோது, இதோ இருக்கிற ஜாடியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா, நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொள்ள முடியாது என்றாள் மகள். கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோலப் பாய்ந்தார். அடுத்த தடவை நரைத்த தலையைப் பார் என்று கெஞ்சினார், கையை முத்தமிட்டார், காலில் விழுந்தார், மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்று கூப்பிட்டார். விசாரணை மேடைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளைப் படியிலிருந்து கீழே இழுத்தார். விசாரித்த ரோம அதிகாரி இலாரியானு அவரைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்க உத்தரவிட்டான். என்னையே அடித்தது போல வலித்தது என்று எழுதுகிறாள். கடைசியாக வந்தபோது தாடி மயிரைப் பிய்த்துத் தரையில் எறிந்துவிட்டு முகங்குப்புற விழுந்தார். அவர் முதுமையை நினைத்துத் துக்கப்பட்டேன் என்கிறாள். துக்கப்பட்டாள், முடிவை மாற்றவில்லை. இரண்டும் ஒரே குறிப்பில் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா மகள் கன்னியர் மடத்தில் சேரப் போன காலை எனக்கு நல்ல ஞாபகம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெற்றிலை போடவில்லை. அக்கா அவரைத் தாண்டி, டிரங்குப் பெட்டியோடு படி இறங்கிப் போனாள். கல் நெஞ்சுக்காரி, பாசமே கிடையாது என்று ஊரில் பேசினார்கள். பங்கில் இருந்தவர்களோ, பாசத்தைத் துறந்துவிட்டாள் என்று புகழ்ந்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. பல வருஷம் கழித்து அக்கா சொன்னாள், நவசந்நியாசத்தில், அதாவது மடத்தின் ஆரம்பப் பயிற்சிக் காலத்தில், ஜெபத்துக்கு முழந்தாளிட்டால் அந்தப் பெட்டி மூடுகிற சத்தம்தான் காதில் விழும் என்று. அவளையும் உங்கள் பட்டியலில் சேர்த்து 'உதறியவள்' என்றுதானே சொல்வீர்கள்?

பெலிசித்தா அடிமைப் பெண், குறிப்பு எழுத வழியில்லாதவள். எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால், தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னே போய்விடுவார்களோ என்பதுதான் அவள் கவலை. சிறையிலேயே வலி வந்தது. வலியில் கத்தினாள். இதற்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகளுக்கு முன்னால் என்ன செய்வாய் என்று காவலாள் ஒருவன் நக்கலடித்தான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்றாள். கத்தியது, பதில் சொன்னது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கத்தியதை விட்டுவிட்டால் பதிலுக்கு அர்த்தமே இல்லை. பிறந்தது பெண் குழந்தை. சகோதரி ஒருத்தி தன் மகளாக எடுத்து வளர்த்தாள் என்று ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. கைதும் விசாரணையுமாக இருந்த ஊரில், தண்டனை பெற்றவளின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தவள். இவளை விட்டுவிட்டு வீரம் பேசாதீர்கள்.

துணிச்சல் முதலா, விசுவாசம் முதலா என்று கேட்டிருந்தீர்கள். பங்குத்தந்தையிடம் கேளுங்கள், அவர் சந்தோஷமாக ஒரு மணி நேரம் சொல்வார். பெர்பெத்துவாவின் குறிப்பை மட்டும் பேசுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடுங்கள். சில பக்கம்தான், பஸ்ஸில் போகும்போதே முடித்துவிடலாம். பேசி முடித்ததும் எழுதுங்கள். பால் கட்டு விஷயத்தைச் சொன்னபோது முன்வரிசை அம்மாமார்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா