பழகிய இடம், கணினியில் பார்த்த இடம், கற்பனை இடம்: மனப்பாடத்துக்கு எது உதவும்?

"தெரிந்த வீட்டை நினைத்துத்தான் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா, வீடியோ கேமில் வரும் இடமும் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஓர் இடத்தில் மனதால் நடந்து, வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பட்டியலின் ஒரு பொருளைப் படமாக வைப்பதுதான் இந்த உத்தி. 2012-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு தனக்குப் பழகிய இடத்தையும், இன்னொரு குழு கணினியில் 5 நிமிடம் மட்டும் சுற்றிப் பார்த்த கட்டடத்தையும் வைத்துச் சொற்களை மனப்பாடம் செய்தது. இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு நினைவுகூர்ந்தன. எந்த உத்தியும் சொல்லித்தரப்படாதவர்கள்தான் பின்தங்கினார்கள்.

நான் மயிலாப்பூரை வைத்துப் பழகினேன். மளிகைப் பட்டியல் என்றால், லஸ் கார்னர் சிக்னலில் புளி மூட்டை கவிழ்ந்து வண்டிகள் வழுக்குகின்றன. தெப்பக்குளத்துத் தண்ணீர் முழுக்க நல்லெண்ணெய், வாத்துகள் பளபளக்கின்றன. வடக்கு மாட வீதியில் பூக்காரம்மா மல்லிகைக்குப் பதில் காய்ந்த மிளகாயைச் சரம் தொடுக்கிறார். கிழக்குக் கோபுர வாசலில் வெல்லம் மலையாகக் குவிந்திருக்கிறது. கடையில் நின்று அதே வழியில் மனதால் நடந்தால் போதும், வரிசைகூட மாறாது.

முழுக்கக் கற்பனையான இடமும் வேலை செய்யும். ஆனால் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நேற்று இடப்பக்கம் இருந்த ஜன்னல் இன்று வலப்பக்கம் போய்விடும். இடமே நகர்ந்தால் அங்கே வைத்த பொருளை எங்கே தேடுவது? கற்பனை வீடுதான் வேண்டுமென்றால், ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்களே சோதிக்க வேண்டுமா? மூன்று இடங்களுக்கும் வெவ்வேறு சொற்பட்டியல், ஒரே எண்ணிக்கை, ஒரே நேரம். உடனே ஒருமுறை எழுதிப் பாருங்கள், அப்புறம் மறுநாள் காலையிலும் எழுதிப் பாருங்கள்.