கேலிக் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தராகலாமா?

கேள்வி: இங்கே கழகப் போட்டிகளுக்கு மத்தியஸ்தம் செய்துவந்த என் தம்பி இப்போது டப்ளினில் இருக்கிறான். அங்கே கேலிக் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தராக முடியுமா? சம்பளம் எப்படி?
– வாசகர், முள்ளியவளை

பதில்: தாராளமாக முடியும். ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடக்கூடாது. இந்த ஐரிஷ் ஆட்டத்தை நடத்தும், 1884இல் தொடங்கிய கேலிக் மெய்வல்லுநர் சங்கத்தில் வீரருக்கும் சம்பளமில்லை, மத்தியஸ்தருக்கும் இல்லை. பயணச் செலவு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் வீட்டுக்குக் கிட்டவுள்ள கழகத்தில் சேரட்டும். அதன் மூலமாகத்தான் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டத்துப் பயிற்சிக்குப் போகலாம். சிறுவர் ஆட்டங்களில் தொடங்க வேண்டியிருப்பதால் பொலிஸ் சரிபார்ப்பும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். பிறகு கழகப் போட்டி, கவுண்டி, மாகாணம், தேசியக் குழாம் என ஏற வருடக்கணக்காகும்.

உங்கள் தம்பிக்குச் சிக்கல் வரப்போவது நம்மூர் உதைபந்தாட்டத்தில் பழகிய கண்ணால்தான். கேலிக் ஆட்டத்தில் ஓஃப்சைட் கிடையாது. பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு காலடிக்கு மேல் கொண்டு ஓடக்கூடாது. அதற்குள் நிலத்தில் குத்த வேண்டும், அல்லது காலில் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தரம் குத்தினால் ஃபவுல். கையால் கொடுக்கும்போது பந்தை அடிப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எறிந்தால் விசில். பக்கவாட்டில் தோளோடு தோள் இடிப்பது, ஒரு காலாவது நிலத்தில் இருந்தால், சரியான ஆட்டம். நம்மூர் மைதானத்தில் பழகியவர்கள் அதற்குத்தான் அவசரப்பட்டு ஊதிவிடுவார்கள், ஆட்டமே குழம்பிவிடும்.

வேண்டுமென்று இழுத்து விழுத்தினால் கறுப்பு அட்டை, 10 நிமிடம் வெளியே. 2025இல் வந்த விதிகளையும் அவர் படிக்க வேண்டும்: கோலிலிருந்து 40 மீற்றரில் போட்டிருக்கும் வளைவுக்கு வெளியிலிருந்து குறுக்குக்கம்பத்துக்கு மேலால் அடித்தால் 2 புள்ளி, மத்தியஸ்தரோடு வாக்குவாதப்பட்டால் ஃப்ரீ கிக் 50 மீற்றர் முன்னே போகும். மத்தியஸ்தருக்கு இது பெரிய பாதுகாப்பு.

இன்னொன்று: கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு நிற்கும் நாலு நடுவர்களையும் பெரும்பாலும் மத்தியஸ்தரே கூட்டிப்போக வேண்டும். பச்சைக் கொடி கோலுக்கு, வெள்ளை ஒரு புள்ளிக்கு, செம்மஞ்சள் இரண்டு புள்ளிக்கு. நம்பிக்கையான நாலு பேரை இப்போதே தேடி வைப்பது நல்லது.

கேள்வி: மத்தியஸ்தர்களுக்கான யோ-யோ ஓட்டச் சோதனையைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பழகலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: பழகலாம். 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கூம்பு, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 5 மீற்றரில் மூன்றாவது. சோதனைக்கான ஒலிப்பதிவில் வரும் ‘பீப்’ சத்தத்துக்கு ஏற்றபடி போய்த் திரும்பி, 10 செக்கனுக்குள் பின் கூம்பைச் சுற்றி நடந்து மீண்டும் கோட்டில் நில்லுங்கள். வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் தரம் பிந்தினால் எச்சரிக்கை, இரண்டாம் தரம் வெளியே.

பலர் மூச்சு முட்டித் தோற்பதில்லை, திரும்பும்போது அகல வளைந்து ஓடித் தோற்கிறார்கள். கோட்டில் ஒரு காலை ஊன்றி அப்படியே திரும்பப் பழகுங்கள். சரளை நிலத்தில் கால் வழுக்கும், ஆகவே புல்லுள்ள பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். வன்னி வெயிலுக்குக் காலை 7 மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. வெட்டவெளிக் காற்றில் தொலைபேசிச் சத்தம் மட்டும் கேட்காது, ஒரு ஸ்பீக்கர் கொண்டுபோங்கள்.