வடசென்னைக் குடியிருப்பில் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. உண்மையில் அது உதவுமா?

உதவும். ஆனால் அங்கே முதல் தேவை ஆங்கிலம் இல்லை, சான்றிதழ் வாங்கக் கூட நிற்கும் ஆள். ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் வேலை, இரண்டு நாள் லீவு, மனசில் ஒரு உறுத்தல் என்று உங்களைப் பற்றி நானாக நினைத்துக்கொள்கிறேன். உறுத்தல் நல்லதுதான்.

நான் வடசென்னைப் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் எங்கள் பிளாக் மொட்டைமாடியில் டியூஷன்.

அங்கே படித்த பெண் ஒருத்தி பிளஸ் டூ நன்றாகத் தேறி, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிந்தாள். வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவள் என்று காட்டும் முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அது இல்லாமல் அந்த வீட்டால் முடியாது. ஆனால் அதற்குள் அவர்கள் குடிசையை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்குப் புளியந்தோப்பு ஆடுதொட்டியில், அதாவது ஆடு வெட்டும் கூடத்தில் வேலை. விடியுமுன் தொடங்கும் வேலைக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி எப்படி வருவார்? அவர் மட்டும் இங்கேயே தங்கை வீட்டில் தங்கிவிட்டார். ஆதாரில் பெரும்பாக்கம், ரேஷன் கார்டில் புளியந்தோப்பு. அது செங்கல்பட்டு மாவட்டம், இது சென்னை. இந்த ஆபீஸில் கேட்டால் "அங்க போம்மா", அங்கே போனால் "இங்க வராதும்மா". ஆன்லைனில் போட்டதும் நிராகரிப்பு.

அவள் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். "டீச்சரம்மா, இதுல எது வேணும்னு நீயே பாரு." வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவைத்திருந்தார். ஸ்கேன் எடுத்தால் வெளிச்சம் அடித்து நம்பரே தெரியவில்லை. ஜன்னலோரம் சாய்த்துவைத்து போனில் படமெடுத்தோம். முதலில் ரேஷன் கார்டில் முகவரி மாற்றி, பிறகு சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பித்து, கடைசித் தேதிக்குள் வாங்கிவிட்டோம்.

உடனே "அரசு வீடு கொடுத்தது குற்றமா" என்று கமெண்டில் வராதீர்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்திருக்காவிட்டால் கோடைதோறும் தீப்பிடிக்கும் ஓலைக்கூரையில்தான் நானும் வளர்ந்திருப்பேன். ஆனால் அன்று குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள். 2021இல் வாரியத்தின் பெயரைக்கூட மாற்றியாயிற்று. ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் எப்போது மாறும்?

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பத்து வருஷமாக ஒழுங்காகச் சம்பளம் வரும் எனக்கு ஒரு வங்கி கிரெடிட் கார்டு தரவில்லை. பின்கோடைப் பார்த்ததுமே "நெகட்டிவ் ஏரியா மேடம்" என்றான் வங்கிப் பையன், அதாவது கார்டு, கடன் எதுவும் தரக்கூடாத ஏரியாவாம். கேமராவைத் தூக்கிக்கொண்டு ரவுடி தேடி வரும் யூடியூப்காரர்களுக்கு மட்டும் நாங்கள் பாசிட்டிவ் ஏரியா போல!

நீங்கள் மே, ஜூனில் லேப்டாப்போடு வாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், அதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று வேலை கிடக்கிறது. வார நாளில் ஒரு நாள் லீவு போட முடிந்தால் இன்னும் நல்லது, சனி ஞாயிறு ஆபீஸ் திறக்காது. ஆங்கில வகுப்பை ஜூலையில் வைத்துக்கொள்ளலாம்.