பாக்டீரியா கூட்டம் சேர்ந்ததை எப்படி அறிகிறது? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புற மக்கள் கேட்டவை. பதில் தருபவர் நுண்ணுயிரியல் ஆசிரியை.

கேள்வி: டீச்சர், பாக்டீரியாவுக்கு மூளையே இல்லை. பக்கத்தில் எத்தனை பேர் இருக்காங்கன்னு அது எப்படி எண்ணும்?

பதில்: எண்ணவே எண்ணாது. ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன மூலக்கூறைச் சதா கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தனியாக இருக்கும்போது அது தண்ணீரில் கலைந்துவிடும். நெருக்கம் கூடக்கூட அதன் செறிவு ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் அது செல்லில் உள்ள ஏற்பிப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு தொகுதி மரபணுக்களை முடுக்கிவிடும். பல இனங்களில் அந்த மூலக்கூறைச் செய்யும் மரபணுவும் அதில் ஒன்று. அதனால் இந்தச் சமிக்ஞை மூலக்கூறு திடீரென்று எகிறும். இதற்குக் குவாரம் சென்சிங் என்று பெயர். சாமி அறையில் மணக்கிற ஒற்றை ஊதுபத்தி திடலில் மணக்காது இல்லையா? அதே கணக்குதான். மூடிய இடுக்கில் சிக்கினால் ஒருசில செல்களே போதும். ஓடுகிற நீரில் கோடிக்கணக்கில் இருந்தாலும் அந்த அளவை எட்டாமல் போகலாம்.

கேள்வி: முதலில் எதில் பார்த்தார்கள்?

பதில்: கடலில் ஒளிரும் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியாவில். நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1970-ல் வெளியிட்டார்கள். ஹவாயில் ஒரு குட்டிக் கணவாய் இதைத் தன் ஒளி உறுப்பில் வளர்க்கிறது. அங்கே செறிவு மில்லிலிட்டருக்கு 1,000 கோடிக்கு மேல் போகும், விளக்கு எரியும். விடிந்ததும் கணவாய் சுமார் 95 விழுக்காட்டை வெளியே தள்ளிவிடும். கடலில் சிதறியவை ஒளிராது.

கேள்வி: எல்லா பாக்டீரியாவுக்கும் ஒரே பாஷையா?

பதில்: இல்லை. செல்சுவரை வைத்து பாக்டீரியாவை இரண்டாகப் பிரிப்பார்கள். கிராம் நெகட்டிவ் வகைகளில் பல ஏ.எச்.எல் (அசைல் ஹோமோசெரின் லாக்டோன்) என்ற சிறு மூலக்கூறுகளையும், கிராம் பாசிட்டிவ் வகைகள் பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டுகளையும் பயன்படுத்தும். கூட்டம் கூடினால் தாக்கும் என்பதும் பொதுவிதி அல்ல. காலராக் கிருமி நேர்மாறு: நெருக்கம் கூடியதும் நஞ்சையும் பசைப்படலத்தையும் நிறுத்திவிட்டுக் குடலைவிட்டுக் கிளம்பத் தயாராகும்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் போட்ட கத்தரிச்செடி இலை பச்சையா இருக்கும்போதே வாடிச் சாகுது டீச்சர். தண்ணி ஊத்தியும் பிழைக்கலை.

பதில்: பச்சையாகவே வாடினால் முதலில் ரால்ஸ்டோனியா என்ற வாடல்நோய் பாக்டீரியாவைச் சந்தேகப்படுங்கள் அக்கா. அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் முங்கும்படி தொங்கவிடுங்கள். ஆட்டாதீர்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். பூஞ்சை வாடலில் இந்த இழை வராது.

இது வேர்க்காயத்தின் வழியே நுழைந்து நீர்க்குழாய்களில் பெருகும். செறிவு மில்லிலிட்டருக்கு ஒரு கோடியை நெருங்கும்போது, கொழுப்பமில எஸ்டர் வகைச் சமிக்ஞை சேர்ந்து, கோந்து மாதிரிப் பசையைச் சுரக்கவைக்கும். குழாய் அடைபடும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் மேலே ஏறாததற்குக் காரணம் அதுதான். இலை தொங்கிய செடிக்கு எந்த மருந்தும் வாங்காதீர்கள், வீண்செலவு.

வேரோடும் சுற்று மண்ணோடும் பிடுங்கி எரியுங்கள். உரக்குழியிலோ வாய்க்காலிலோ போட்டால் மழைத்தண்ணீர் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும். வெட்டிய கத்தியை மண் போகக் கழுவி, ஒரு பங்கு குளோரக்ஸுக்கு (துணி வெளுக்கும் குளோரின் கரைசல்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊறவையுங்கள். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம், சோளம் போடலாம். மறுபடி கத்தரிதான் வேண்டும் என்றால் சுண்டைக்காய்ச் செடியின் மேல் ஒட்டுக்கட்டுங்கள். அதன் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

கேள்வி: தண்ணித் தொட்டியில் வழவழன்னு படியுது. குளோரக்ஸ் ஊத்தினா போதுமா?

பதில்: போதாது ஐயா. அந்த வழவழப்பு பாக்டீரியாவின் பசைப்படலம். அதன் மேல்தட்டிலேயே குளோரின் தீர்ந்துவிடும், அடியில் இருப்பது பிழைக்கும். முதலில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 5 விழுக்காடு கரைசல் ஒரு லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். மணம் சேர்க்காத சாதா குளோரக்ஸ்தான். ஒரு ராத்திரி விட்டு முழுக்க வடித்து அலசுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பால்காட்டு (ரப்பர்ப் பால்) வேலைக்கு வைத்திருக்கும் ஃபார்மிக் அமிலமோ அமோனியாவோ பட்ட வாளியில் இதைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். பயன்படாத குழாய்முட்டுகளை, தண்ணீர் தேங்காதபடி, கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி அடைத்துவிடுங்கள். தேங்கும் இடத்தில்தான் சமிக்ஞையும் தேங்கும். ஆனால் வழவழப்புக்கெல்லாம் சமிக்ஞையே காரணம் என்று சொல்லமாட்டேன். அது இல்லாமலும் படலம் வரும்.

கேள்வி: பூண்டு இந்தப் பேச்சைக் கெடுக்குமாமே? அம்மாவுக்குச் சர்க்கரைப் புண்.

பதில்: பூண்டிலுள்ள அஜோயீன் ஆய்வகத்தில் சூடோமோனாஸ் என்ற புண் கிருமியின் சமிக்ஞையைக் குறைப்பது உண்மை. அதற்காகப் புண்ணில் பூண்டு வைத்தால் தோல் வெந்துபோகும். மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே படலத்தைக் கலைக்கத்தான். அது மறுபடி கூடுவதற்குள் மருந்து வேலை செய்ய வேண்டும், அதனால் கட்டு மாற்றும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். சமிக்ஞையை உடைக்கும் நொதிகளும் உண்டு. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பேசிலஸ் வகை பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த, அப்படிப்பட்ட நொதியைச் செய்யும் மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் வைத்து, அழுகல் நோயைத் தாங்கவைத்ததை 2001-ல் வெளியிட்டார்கள்.

கேள்வி: டீச்சர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்து காட்டலாமா?

பதில்: ஒளியை மட்டும் காட்டலாம் தம்பி. பச்சைத் தண்ணீரில் கழுவாத, உறையவைக்காத சோத்தோங் (கணவாய்) வாங்கு; நன்னீர் பட்டால் ஒளிரும் பாக்டீரியா வெடித்துவிடும். லிட்டருக்கு 30 கிராம் உப்பு போட்டுப் பாதி முங்கவை, மூடி, ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வை. நம்ம வெயிலில் வெளியே வைத்தால் அழுகல்தான் முந்தும். ஒருநாள் கழித்து, கும்மிருட்டில் பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார். நீலப்பச்சைப் புள்ளிகள் தெரியலாம். கைக்குக் கையுறை போடு, சோத்தோங்கைச் சமைக்காதே.

அதைத் தண்ணீரில் கரைத்து, ஒளி போனதும் “இதோ குவாரம் சென்சிங்” என்று சொல்லிவிடாதே. நீர்த்தாலே ஒளி மங்கும், நடுவர் அங்கேயே மடக்குவார். நிரூபிக்க ஆய்வகம் வேண்டும்: ஒரே இன ஒளிரும் பாக்டீரியா அடர்ந்து வளர்ந்த தனி வளர்ப்பின் திரவத்தை 0.2 மைக்ரான் வடிகட்டியில் செல் இல்லாமல் வடித்து, அப்போதுதான் தொடங்கிய நீர்த்த வளர்ப்பில் ஊற்ற வேண்டும். புது ஊட்டக்கரைசல் ஊற்றிய இன்னொரு குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும். செல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கும்போதே முதல் குழாய் முந்தி ஒளிர்ந்தால், அதை முடுக்கியது திரவத்திலிருந்த சமிக்ஞை என்று சொல்லலாம்.