ஸ்லைடு கிட்டாரில் ஸ்வரம் சரியாக விழுந்தும் ப்ளூஸ் மாதிரி கேட்கவில்லையே, என்ன செய்வது?

ஒரு வருடமாக ஸ்லைடை (விரலில் மாட்டிக் கம்பிமேல் இழைக்கும் குழாய்) ஓப்பன் டி என்ற சுருதி அமைப்பில் பழகுகிறேன், ஸ்வரம் பிசகாமல் விழுகிறது, ஆனால் உயிரே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நான் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்கு, மிக மெல்லியதான முதல் கம்பியில் மட்டும் வாசியுங்கள், வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் முதலில் வாய்விட்டுப் பாடுங்கள்.

எனக்கு இது புரிந்தது அக்காவால். அவர் வீணை வாசிப்பவர், ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையை அதிகம் கேட்டதில்லை. நான் பெருமையாக ஒரு துண்டு வாசித்துக் காட்டினேன். "காந்தாரத்துல நேராப் போய் உக்காந்துட்ட. அங்க எப்படிடா வந்த? வர்ற வழியே கேக்கலையே" என்றார். அன்று இரவு வாசித்ததை ஃபோனில் பதிந்து கேட்டேன். உண்மைதான். கீபோர்டில் கட்டையை அமுக்குவது போல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நின்றது.

நம் கணக்கில் சொன்னால் ஓப்பன் டி என்பது, தடித்த கம்பியிலிருந்து, ச ப ச க ப ச. முதல் கம்பியை வெறுமனே மீட்டினால் ச. மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சாதாரண காந்தாரம், நான்காவதில் அந்தர காந்தாரம். ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில், நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. ஸ்லைடில் உண்டு. ஸ்லைடின் மொத்த அழகும் எனக்கு அந்த ஒரு ஃபிரெட் இடைவெளியில்தான் இருக்கிறது.

அதனால் இதைச் செய்து பாருங்கள். இரண்டாவது ஃபிரெட்டில் மீட்டி, மெதுவாக மூன்றைத் தாண்டுங்கள். நான்கைத் தொடாதீர்கள். தொடப்போகிறது என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் ஸ்லைடை எடுத்துவிட்டு வெறும் கம்பியில் ச. இதையே முதலில் 'ம்ம்' என்று தொண்டையில் பாடிவிட்டுக் கம்பியில் தேடுங்கள். எவ்வளவு மெதுவாக ஏறுவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் தொண்டைக்குத் தெரியும், கை அதன் பின்னாலேயே வரும். நான் பத்து நாள் இதை மட்டுமே செய்தேன். பதினோராவது நாள் அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்து, "இப்ப ஜாரு கேக்குது" என்றார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதுதான் ஜாரு. வீட்டில் கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. அதுவும் கம்பிமேல் கட்டையை இழைத்து வாசிக்கும் வாத்தியம்தானே.

இதை ஒரே பாட்டில் கேட்க வேண்டுமென்றால் பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்சாஸ்காரர், ப்ளூஸ் பாடகர்கூட இல்லை, பக்திப் பாடல்கள் பாடியவர். 1927 டிசம்பரில் டாலஸில் கொலம்பியா கம்பெனிக்காக 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' பதிவானது. மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். பாடலில் ஒரு சொல் கிடையாது, முழுக்க முனகல்தான். குரல் ஒரு வரியைத் தொடங்கி விட்டுவிடும், ஸ்லைடு அதை எடுத்து முடிக்கும். எங்கே குரல் நின்றது, எங்கே கம்பி தொடங்கியது என்று சில இடங்களில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு, கிட்டாரைத் தொடாமல், ஒரு வாரம் கூடவே முனகுங்கள்.

இனி கைவேலை. ஸ்லைடு ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், விரலால் அழுத்தும்போது வைப்பதுபோலப் பின்னால் தள்ளி வைத்தால் சுருதி இறங்கிவிடும். அழுத்தவே வேண்டாம், தொட்டாலே போதும். ஃபிரெட்டில் இடித்துக் கடகடவென்றால் உங்கள் கம்பி தாழ்வாக இருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள், கம்பியும் சற்றுத் தடித்த 12 அல்லது 13 அளவு செட் போடுங்கள். ஸ்லைடை நான் சுண்டுவிரலில் போடுகிறேன், மற்ற விரல்கள் வேலைக்குக் கிடைக்கும். கண்ணாடியா பித்தளையா என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் வாசித்ததே ஜலதோஷ மாத்திரை பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டுதான்.

ஆனால் சத்தத்தை அடக்குவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்லைடு கம்பியை இரண்டாகப் பிரிக்கிறது, அதன் பின்னால் தலைப்பக்கம் உள்ள துண்டும் சேர்ந்து முனகும். பலர் வாசிப்பு அழுக்காகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆள்காட்டி விரலை ஸ்லைடுக்குப் பின்னால் கம்பிகள்மேல் லேசாகப் படுக்க வையுங்கள். மீட்டும் பிக்கைக் கீழே வைத்துவிட்டு, மீட்டாத கம்பிகளை வலது கை விரல்களால் தொட்டுக்கொண்டே இருங்கள். ஒரு ஸ்வரம் முடிந்ததும் முழு அமைதி வர வேண்டும். அந்த அமைதி வந்தால்தான் அடுத்த ஸ்வரம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது காதில் விழும்.

அசைவு, அதாவது வைப்ராட்டோ, கடைசியில். சுருதியை அடைந்து ஒரு கணம் நின்றபின் தொடங்குங்கள். ஃபிரெட்டின் இருபக்கமும் சமமாக, நிதானமாக ஆட்டுங்கள். நடுக்கம் போல வேகமாக ஆட்டினால் சுருதி தெரியாததை மறைக்கிற மாதிரிதான் கேட்கும்.

ஒரு மாதம் கழித்து மற்ற கம்பிகளுக்கு வாருங்கள். ஐந்தாவது, ஏழாவது, பன்னிரண்டாவது ஃபிரெட்டுகளில் முழுக் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஸ்லைடுக்கு அடியிலேயே கிடைக்கும். அதற்கு 1951-இல் ப்ளூஸ் ஸ்லைடு கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் பதிந்த 'டஸ்ட் மை புரூம்' கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓப்பன் டி-யிலேயே அடங்கும், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அவர் எப்படி வந்து மோதுகிறார் என்பதை மட்டும் முதலில் பாடிப் பாருங்கள்.